புல்லுக்கு இறைத்த நீர்

(கோவையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் வீட்டுப் புல்தரையை எப்படிக் காப்பது, களையை எப்படி எடுப்பது, உரம் எப்போது போடுவது. சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் இதென்ன பண்ணை வானொலி என்று நினைத்திருப்பீர்கள். இந்தத் தலைப்பை நான் தேடிப் பிடிக்கவில்லை. உங்களில் ஒரு தோழர்தான் போன மாதம் போன் செய்தார். "அக்கா, வீட்டு முன்னாடி ஆயிரம் சதுர அடி லான் இருக்கு. குழாய்த் தண்ணி எப்ப வரும்னே தெரியல. புல்லு காயுது, கோரை மட்டும் நல்லா வருது. அப்பா மருந்து அடிக்கலாம்ங்கறார். நீங்க தோட்ட வேலை செய்யறவங்க, சொல்லுங்க" என்றார். கேட்டுவிட்டு, "இதையெல்லாம் உங்ககிட்டக் கேக்கறதுக்கே கூச்சமா இருக்குங்க்கா" என்றும் சொன்னார். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருந்தது. சரி, ஒருவருக்குச் சொல்வதை எல்லோருக்குமே சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் அம்மா இந்த ஊரில் 22 வருசம் புல்தரைகளில் களை எடுத்தார். பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போவேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த புல் விவரத்தில் பாதி அங்கே கற்றது. மீதி, இப்போது தோட்டப் பராமரிப்பு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்வதில் கற்றது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோவைக் கோடையில் பச்சையாக இருக்கும் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தேவை. ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளைக்கு 465 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 31 குடம். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு அரசு வைத்திருக்கும் அளவுகோல். அந்தத் தோழர் வீட்டு வாசல் புல், மூன்றரை ஆள் தண்ணீரைக் குடிக்கிறது. அவர் வீட்டில் இருப்பதே நான்கு பேர்தான்.

இது மழை கொட்டும் ஊராக இருந்தால் விட்டுவிடலாம். நாம் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றைத்தான் நமக்கு அனுப்புகிறது. கோவையில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்குள்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது.

2016இல் அந்த ஐப்பசி மழையும் பொய்த்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று நாள்கணக்கில் குடங்களை வரிசை போட்டுக் காத்திருந்த தெருக்கள் இருந்தன. அதே வருசம், அம்மா வேலைக்குப் போன ஒரு வீட்டில் புல்லுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். எங்கள் தெருவில் குடிக்க லாரி வரவில்லை. அந்த வீட்டில் அம்மா தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், தோட்டத்து ஓசைக் காட்டி, "அதுல குடிச்சுக்கோ" என்பார்கள். உள்ளேயிருந்து டம்ளர் வராது. அம்மா வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தார். புல்லுக்கு லாரி, அதைப் பராமரிக்கிறவளுக்குப் பழைய குளிர்பான பாட்டில். அந்த வீட்டுப் பெயர் வேண்டாம். அப்படி ஒரு வீடு மட்டும் இருந்திருந்தால் பெயர் சொல்வதில் அர்த்தம் இருக்கும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்பது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அந்த நகரத்தைப் பற்றி 2023இல் வந்த ஓர் ஆய்வு, மக்கள்தொகையில் சுமார் 14 சதவீதமாக இருக்கும் வசதியான குடும்பங்கள் நகரத்துத் தண்ணீரில் பாதிக்கு மேல் பயன்படுத்துகின்றன என்று கணக்கிட்டது. தோட்டமும் நீச்சல் குளமும்தான் முக்கியக் காரணம். பக்கத்தில் பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது.

இங்கே உடனே ஒரு பதில் வரும். "நாங்க நல்ல தண்ணி விடறதில்லீங்க, எங்க போர்ல வர்ற உப்புத் தண்ணிதான்." கோவையில் போர் ஆயிரம் அடிக்குப் போய்ப் பல வருசம் ஆகிறது. சுற்றுச்சுவர் தரைக்கு மேலேதான் நிற்கிறது, ஆயிரம் அடிக்குக் கீழே எவர் வீட்டுத் தண்ணீர் எது? ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. அதன்படி, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுப்பது நில உடைமையாளரின் உரிமை. நிலம் இருப்பவருக்கு நீர். நிலமே கிடைக்கவிடாமல் செய்யப்பட்ட சாதிகளுக்கு? பஞ்சமி நிலம் என்ன ஆனது என்பதை இந்த மேடையிலேயே நிறைய பேசியிருக்கிறோம். அதைத் தண்ணீர்க் கணக்காகவும் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் சேர்க்க விரும்புவது.

கொங்கு நாட்டுக் கிணறுகளின் கதையும் இதுதான். மின்சார மோட்டார் வருவதற்கு முன் கவலை ஏற்றத்தில்தான் தண்ணீர் இறைத்தார்கள். அதற்கான தோல்பையைத் தைத்தவர்கள், கிழிந்தால் ஒட்டுப் போட்டவர்கள் அருந்ததியர். அந்தத் தோலில் ஏறி வந்த தண்ணீர் எல்லோர் வயலிலும் பாய்ந்தது. தைத்தவர் கை மட்டும் கிணற்றில் படக் கூடாது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்து, மோட்டார் பெருகப் பெருக அந்தத் தொழிலும் போனது. அந்தக் கைகளில் கொஞ்சம் பண்ணையத்துக்கும், கொஞ்சம் நகரத் துப்புரவுக்கும், கொஞ்சம் களைக்கொத்தோடு புல்தரைக்கும் வந்தன.

சரி, புல்லுக்கு வருவோம். பச்சைப் புல்தரை என்பது ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டு வழக்கம், வெள்ளைக்காரன் பங்களா வழியாக நமக்கு வந்தது. தார்ஸ்டைன் வெப்லென் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1899இல் எழுதிய புத்தகத்தில் இதைக் கிண்டல் செய்திருக்கிறார். புல்தரையை ஒட்ட மேய்ந்து வைக்க ஒரு மாடு போதும். ஆனால் மாடு நின்றால் சிக்கனம், பிழைப்பு என்று ஒரு வாசனை வந்துவிடும், அதனாலேயே மாட்டை விடமாட்டார்கள் என்கிறார். எதற்கும் பயன்படாமல் இருப்பதுதான் அதன் பெருமை.

கொங்கிலும் ஒரு புல்தரை உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனால் கொறங்காடு பார்க்கலாம். கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. மழை வந்தால் பச்சை, கோடையில் பழுப்பு, மறுபடி மழைக்குப் பச்சை. அதையும் நான் கொண்டாடப் போவதில்லை. அந்தக் காடுகளின் வேலிக்குள் பண்ணையத்தில் விடப்பட்டு ஆடு மேய்த்த மாதாரிப் பையன்களைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் படியுங்கள். நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். இந்த மண்ணில் கோடைப் புல்லின் நிறம் பழுப்பு.

எனவே தோழருக்கு நான் முதலில் சொன்னது, பழுப்பாக விடுங்கள் என்பதுதான். பழுப்பு வேறு, சாவு வேறு. உங்கள் தரையில் அருகம்புல் வகை என்றால் அது மண்ணுக்கடியில் தண்டுகளில் உயிரை வைத்துக்கொண்டு தூங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு இருந்து, அடிப்பகுதி வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. சுலபமாகக் கையோடு வந்து, அடியும் காய்ந்து நொறுங்கினால்தான் போனது. தூங்கும் புல்லுக்கு உயிர்த்தண்ணீர் போதும். 20 நாளுக்கு ஒரு முறை 12 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடிக்கு 1,100 லிட்டர். தினமும் ஊற்றி வந்தால் அதே 20 நாளில் 9,300 லிட்டர் ஆகியிருக்கும். அந்த 1,100 லிட்டரையும் துணி அலசிய கடைசித் தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் என்று சேர்த்தே கொடுக்கலாம். சோப்பு அதிகமுள்ள முதல் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரையும் எப்போதாவது விடலாம், தொடர்ந்து விட்டால் மண்ணில் உப்பு ஏறும். பொழுதோடே, வெயில் இறங்கியபின் விடுங்கள். தினமும் தெளித்துப் பழக்கப்பட்ட புல்லின் வேர் மேலேயே நிற்கும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால்தான் வேர் கீழே தேடிப் போகும்.

வெட்டுவதைக் குறையுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள், ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஒட்ட வெட்டிய புல்லில் மண் வெயிலைப் பார்க்கும். மண் சூடேறும், களை விதை முளைக்கும். வெட்டிய துணுக்கை வாரிக் குப்பையில் போடாமல் அங்கேயே விடுங்கள். புல்லுக்கு ஒரு வருசத்துக்கு வேண்டிய தழைச்சத்தில் கால்வாசி வரை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

உரம். வறட்சியில் யூரியா போடுவது பசியில் மயங்கிக் கிடப்பவரை எழுப்பி ஓடச் சொல்வது. தண்ணீர் இல்லாத மண்ணில் உர உப்பு வேரைக் கருக்கும். தப்பித்தவறி வேலை செய்தால் புது இலை விடும், அந்த இலை இன்னும் தண்ணீர் கேட்கும். ஐப்பசி மழை இரண்டு பெய்து மண் நனைந்தபின், நன்றாக மக்கிய தொழுவுரத்தையோ மண்புழு உரத்தையோ சலித்து, கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவி, துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளிவிடுங்கள். மாநகராட்சியின் உரம் தயாரிக்கும் மையங்களில் மக்கும் குப்பை உரமாகிறது, அதையும் பயன்படுத்தலாம். வாங்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரிக்காமல் கொட்டிய குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் கையால் பொறுக்கி எடுத்த பிறகுதான் அது உரமானது. அந்தக் கைகளும் பெரும்பாலும் அருந்ததியர் கைகள்தான்.

இனி களை. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கோரை வருகிறது என்றால் பெரும்பாலும் நீங்கள் அதிகமாகத் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஈரம் தேங்கும் இடம் அதற்கு வீடு மாதிரி. எனவே தண்ணீர்க் கட்டுப்பாடு கோரையைக் குறைக்க நல்ல நேரம். அம்மா சொல்வார்: "கோரையக் கிள்ளுனா அது சிரிக்கும் கண்ணு, கெழங்கோட எடுத்தாத்தான் அழுவும்." மண்ணுக்கடியில் கிழங்குகள் சங்கிலி மாதிரிக் கோர்த்திருக்கும். மேலே பிடுங்கினால் அடுத்த கிழங்கு முளைக்கும். உயிர்த்தண்ணீர் விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தால் கிழங்கோடு எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை விடாமல் எடுத்தால் கிழங்கின் இருப்பு தீரும். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அதாவது, கூலியை ஒரே நாளுக்குப் பேசி முடிக்கிற வேலையும் இல்லை.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு எடுங்கள். அது தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும் செடி. வெறுங்கையால் எடுக்கச் சொல்லாதீர்கள். கையுறை வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவர் பொறுப்பு. அம்மாவின் முன்கைகளில் வருசம் முழுக்கத் தடிப்பு இருக்கும், யாரும் கையுறை கொடுத்து நான் பார்த்ததில்லை. உப்புக் கரைசல் தெளித்தால் செத்துப்போகும் என்பார்கள். சாலையோரத்தில் சரி, புல்தரையில் தெளித்தால் மண்ணும் சேர்ந்து போகும்.

தோழரின் அப்பா சொன்ன மருந்து. கிளைபோசேட் என்றால் அது களையோடு புல்லையும் கொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. தோட்டக்காரர் கையில் தெளிப்பானைக் கொடுத்து அடிக்கச் சொன்னால் அந்த ஆணையை மீறுகிறீர்கள். அகன்ற இலைக் களையை மட்டும் கொல்வது என்று விற்கும் 2,4-டி காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியையும் பருத்தியையும் சுருட்டிவிடும். இதையெல்லாம் விடுங்கள், வறட்சியில் வாடி நிற்கும் களை மருந்தைச் சரியாக உறிஞ்சவே உறிஞ்சாது. காசும் தண்ணீரும் வீண்.

ஆனால் என் காரணம் வேறு. நீங்கள் களை என்று சொல்வதில் பாதி எங்கள் வீட்டுக் குழம்பு. தரைப்பசலை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை. களை எடுக்கும் பெண்கள் சாயங்காலம் மடியில் கட்டிக்கொண்டு போவது இதைத்தான். கூலியில் சேராத கூலி. நான் எட்டாவது படிக்கும்போது அம்மா ஒரு வளாகத்துக்கு வேலைக்குப் போனார். படித்தவர்கள் நிறைந்த இடம், அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். புல்தரை ஓரத்தில் தரைப்பசலை கொழுகொழுவென்று இருந்தது. பறித்துக்கொண்டு வந்து பருப்பில் போட்டுக் கடைந்தார். இலையில் ஊற்றும் நேரத்தில் கூட வேலை செய்யும் அக்கா ஓடி வந்தார். நேற்று அந்தத் தரைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்று காவலாளி இப்போதுதான் சொன்னாராம். சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினோம். அன்றைக்கு வீட்டில் பருப்பு அவ்வளவுதான், ரசச் சோறு சாப்பிட்டோம். மறுநாள் அம்மா மேஸ்திரியிடம், "ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா?" என்று கேட்டார். அவர் தரை ஓரத்தில் நட்டிருந்த பலகையைக் காட்டினார். மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில்.

அன்றிலிருந்து நான் வேலை எடுக்கும் தோட்டம் எதிலும் மருந்து இல்லை. கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. கையுறை என் செலவு. வேலை பேசும்போதே நான் கேட்கும் நான்காவது விசயம் ஒன்று உண்டு. குடிக்க வீட்டுக்குள்ளிருந்து, வீட்டார் குடிக்கும் டம்ளரில் தண்ணீர். முதல் மூன்றுக்குப் பேரம் பேசி ஒத்துக்கொள்ளும் வீடுகள், இந்த நான்காவதுக்கு வந்ததும் "யோசிச்சுச் சொல்றோம்" என்கின்றன. சில வீடுகளில் அதற்கென்று கட்டுக்கட்டாகக் காகித டம்ளர் வாங்கி வைத்திருக்கிறார்கள். இரட்டைக் குவளை இந்த ஊரில் தேநீர்க் கடையை விட்டுப் போனாலும் எங்கே போயிருக்கிறது என்று கேட்டால், அந்தக் கட்டுக்குள்தான் என்பேன்.

அந்தத் தோழர் போன வாரம் மறுபடி போன் செய்தார். புல்லைப் பழுப்பாக விட அப்பா ஒத்துக்கொண்டாராம். பக்கத்து வீட்டார் கேட்டால் சொல்வதற்கு, "சிறுவாணி கொறைஞ்சிருக்குது, நாமதான் முன்மாதிரியா இருக்கோணும்" என்று ஒரு வசனம்கூடத் தயார் செய்துவிட்டாராம். மருந்து வேண்டாம், வாரம் ஒரு நாள் ஆள் வைத்துக் கோரையை எடுக்கலாம் என்றும் முடிவாகிவிட்டது. டம்ளர் விசயத்தைக் கேட்டேன். "அதை உங்கம்மாகிட்டக் கேளு" என்றாராம் அப்பா. கேட்கிறேன் அக்கா என்றார் தோழர். இன்னும் போன் வரவில்லை.